எழுத்து மோதிரம்: கல்லா முதல், கல்லைப் பிடிக்கிற பவுணா?

"அக்கா, அவர் ரொறன்ரோவில ஒரு மோதிரம் பார்த்து வச்சிருக்கிறார். பிளாட்டினமாம், அரைக் கரட் வைரமாம். அம்மா எண்டால் கஸ்தூரியார் வீதியில 22-இல செய்விப்பம் எண்டு நிக்கிறா. லாப் வைரம் எடுத்தால் ஒரு கரட்டே வாங்கலாம் எண்டுறாள் தங்கச்சி. எனக்குத் தலை சுத்துது. எழுத்துக்கு இன்னும் ஏழு கிழமைதான் கிடக்கு."

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து ஒரு பிள்ளை அனுப்பிய குரல்பதிவு இது. எழுத்து என்றால் கலியாணப் பதிவு, கஸ்தூரியார் வீதி எங்கள் நகைக்கடைத் தெரு. இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் இந்த வருடம் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அப்பா நகை செய்கிற பத்தர், நான் பட்டறைக்குப் பின்வீட்டில் வளர்ந்தவள் என்பதால் என்னிடம் வருகிறார்கள். நகை விற்கிற பக்கத்தை நான் பார்த்தது குறைவு. வாங்கிய நகை நெளிந்து, கழன்று, கல் விழுந்து திரும்பி வருகிற பக்கத்தைத்தான் வருடக்கணக்காகப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுவோம். கரட் என்பது இரண்டு வேலை செய்கிற சொல். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கிலோக் கணக்கில் விற்கிற மரக்கறியையும் சேர்த்தால் மூன்று. தங்கத்தில் கரட் என்பது சுத்தம்: 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு. வைரத்தில் அது நிறை: ஒரு கரட் 0.2 கிராம். எங்கள் ஆட்கள் குன்றிமணியையும் மஞ்சாடியையும் வைத்து நிறுத்த மாதிரி, எங்கேயோ ஒரு மரத்தின் விதையை வைத்து நிறுத்ததில் வந்த பெயர். ஒரு பவுண் 8 கிராம், அதாவது 40 கரட். இந்தக் கணக்கு பிறகு தேவைப்படும்.

## எதை வைத்துப் பார்ப்பது

விலைக்குப் போக முன்னர் ஐந்து விஷயங்களுக்கு வீட்டிலேயே பதில் சொல்லிவிடுங்கள்.

மோதிரம் எங்கே இருக்கப் போகிறது? எழுத்தன்று போட்டு, கலியாணத்தன்று போட்டு, பிறகு அலுமாரிக்குள் போகிற மோதிரமா? அல்லது திருவலையில் தேங்காய் திருவும்போதும் விரலிலேயே இருக்கப் போகிற மோதிரமா? பெரும்பாலான சண்டைகள் இந்த ஒன்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்லாததால் வருகின்றன.

பழுதானால் யார் கையில் கொடுப்பீர்கள்? பற்றுச்சீட்டில் வராத செலவு எவ்வளவு? மற்ற நகையோடு சேருமா? தாலிக்கொடியும் காப்பும் மஞ்சளாய் மின்ன, மோதிரம் மட்டும் வெள்ளையாய் இருந்தால் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குக் கண்ணைக் குத்தும்.

கடைசியாக, கஷ்டத்துக்குக் காசாகுமா? எங்கள் ஊரில் நகையென்றாலே இந்தக் கேள்வி வரும். இடம்பெயர்ந்து போன காலத்தில் கையில் கிடந்த காப்பும் கழுத்தில் கிடந்த சங்கிலியும் சோறு போட்ட வீடுகள் இங்கே ஏராளம், அதனால் அம்மாமார் கேட்பதில் பிழையில்லை. ஆனால் அரைப் பவுண் மோதிரத்திடம் அந்த வேலையைக் கேட்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர் என்பது என் எண்ணம். சேமிப்பு தாலிக்கொடியில் இருக்கட்டும், காப்பில் இருக்கட்டும். தினமும் போடுகிற மோதிரத்தின் வேலை கல்லை விழாமல் பிடித்திருப்பது.

## முதலில் உலோகம்

கடைக்குப் போனால் முதலில் கல்லைக் காட்டுவார்கள். நீங்கள் உலோகத்தை முடிவுசெய்துவிட்டுப் போங்கள்.

### 22 கரட்

நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். 916 என்று முத்திரை குத்துவது இதனால்தான். ஊரிலுள்ள எந்தப் பத்தரும் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வார். ஒட்டலாம், பெருப்பிக்கலாம், உருக்கி வேறொன்றாக்கலாம். அடகு, விற்பனை, மாற்று எல்லாவற்றுக்கும் நல்லது.

குறை ஒன்றுதான், பெரிய குறை: மெத்து. கல்லைப் பிடிக்கிற நகம் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர் தடிப்புத்தான் இருக்கும். 22-இல் செய்த நகம் துவாயில் சிக்கினாலே நிமிரும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் எழுத்து மோதிரத்தைச் செய்தவர் அப்பா. 18-இல் செய்வோம் என்றார். "எங்கட வீட்டுக்கு வாற பிள்ளைக்கு மாத்துக் குறைஞ்ச பவுணோ?" என்று மாமி கேட்டா. அதற்குப் பிறகு அப்பா வாய் திறக்கவில்லை, 22-இலேயே ஆறு நகம் வைத்துக் கட்டித் தந்தார். மூன்றாம் வருடம், கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், மோதிரத்தில் ஒரு ஓட்டை. கிணற்றடித் தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைப் பாத்திக்குத்தான் போகும். நானும் இவருமாகப் பாத்தி மண்ணை மாவரிக்கிற அரிதட்டால் இரண்டு நாள் அரித்தோம். கல் கிடைக்கவில்லை. அந்த முறை வாழைக்குலை மட்டும் நன்றாக வந்தது.

கல் இல்லாத மோதிரத்துக்கும், விளிம்பு முழுவதையும் மடித்துக் கல்லை மூடிக் கட்டுகிற மோதிரத்துக்கும் 22 தாங்கும். நகம் வைத்த கட்டுக்குத் தாங்காது.

### 18 கரட் மஞ்சள்

நூற்றுக்கு 75 பங்கு தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். முத்திரை 750. நிறம் 22-ஐ விட ஒரு பிடி வெளிறும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், விரலில் தனியே தெரியாது. நகம் நின்று பிடிக்கும். கீறலும் குறைவு.

"தங்கம் குறைவுதானே" என்பவர்களுக்குக் கணக்குச் சொல்கிறேன். 22-இல் 4 கிராம் வருகிற ஒரு மோதிரத்தை அதே அச்சில் 18-இல் செய்தால் ஏறக்குறைய 3.5 கிராம்தான் வரும், ஏனென்றால் 18 பாரம் குறைந்தது. முதலாவதில் சொக்கத் தங்கம் 3.7 கிராமுக்குக் கிட்ட, இரண்டாவதில் 2.6. ஆகக் குடும்பமே சண்டை பிடிப்பது ஒரு கிராம் தங்கத்துக்காக. விழுந்து தொலைகிற கல்லின் விலை அதை விடப் பல மடங்கு.

மறைந்த செலவு இதிலும் உண்டு. சில கடைகளில் 18-க்குச் செய்கூலி கூடுதலாகக் கேட்பார்கள். எல்லாப் பத்தரிடமும் 18-க்கு ஏற்ற ஒட்டுப்பொடி இருக்காது. 22-க்கான பொடியால் ஒட்டினால் ஒட்டின இடம் நிறம் வேறாகத் தெரியும். அடகு வைக்கப் போனால் 22-க்குக் கிடைக்கிற காசு கிடைக்காது. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தும், இங்கே இருந்து தினமும் போடப்போகிற கல் மோதிரத்துக்கு நான் சொல்வது இதைத்தான்.

### வெள்ளைத் தங்கம்

இதுவும் 18 தான். செம்புக்குப் பதிலாகப் பலேடியமோ நிக்கலோ கலந்து மஞ்சளைக் கொன்றது. கடையில் கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற அந்த வெள்ளை, தங்கத்தின் வெள்ளை இல்லை. மேலே பூசிய ரோடியம் என்ற உலோகத்தின் வெள்ளை. தினமும் போட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் விரலின் உள்பக்கம் தேய்ந்து, பழைய பல்லின் நிறம் எட்டிப் பார்க்கும். திரும்பப் பூச வேண்டும், பிறகும் பூச வேண்டும். பெருப்பிக்கச் சூடு காட்டினாலும் பூச்சுப் போகும். யார் பூசித் தருவார்கள் என்று வாங்க முன்னரே கேட்டு வையுங்கள்.

மலிவுத் தோடு போட்டால் காது சொறிகிற ஆட்கள் நிக்கல் கலந்ததை எடுக்கவே வேண்டாம்.

### பிளாட்டினம்

நல்ல உலோகம். பெரும்பாலும் நூற்றுக்கு 95 பங்கு சுத்தம், பூச்சுத் தேவையில்லை, சொறிவது மிக அரிது. கீறினாலும் உலோகம் உரிந்து போகாமல் ஒதுங்கி நிற்பதால் நகம் மெலிவது குறைவு. பாரம் கையில் தெரியும்: 22-இல் 4 கிராம் வருகிற அதே மோதிரம் பிளாட்டினத்தில் ஐந்து கிராமுக்குக் கிட்ட வரும்.

சிக்கல் பட்டறையில். தங்கம் 1064 பாகை செல்சியசில் உருகும், பிளாட்டினத்துக்கு 1768 பாகை வேண்டும். எங்கள் பத்தர்மாரின் ஊதுகுழலும் வாயு அடுப்பும் தங்கத்துக்கு ஏற்பட்டவை. கரி பட்டாலே கெட்டுப்போகிற உலோகம், கரியிலே வேலை செய்கிற பட்டறைக்குச் சரிவராது. விரல் பெருத்தால் மோதிரம் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்த்தான் வர வேண்டும். அடகுக்கும் எடுக்க மாட்டார்கள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து முடிந்து ஆறு மாதத்தில் விசா வந்து கனடாவிலோ சுவிஸிலோ இருக்கப் போகிறவர்களுக்கு இந்தக் குறைகள் எதுவும் குறையே இல்லை. அங்கே பெரும்பாலான நகைக்கடைகளில் திருத்துவார்கள்.

வெள்ளியில் செய்து ரோடியம் பூசிய மோதிரங்களை எழுத்துக்கு யோசிக்கிறவர்களும் உண்டு. நகம் நிற்காது, விட்டுவிடுங்கள்.

| | நகத்தின் பிடி | ஊரில் திருத்த | காசாக்க | சொல்லாமல் வருகிற செலவு |
|---|---|---|---|---|
| 22 கரட் | மெத்து. மூடிக் கட்டினால் மட்டும் சரி | எங்கும் முடியும் | நல்லது | கல் விழுந்தால் கல்லின் விலை |
| 18 மஞ்சள் | நல்லது | பத்தரைக் கேட்டுத் தெரிய வேண்டும் | நடுத்தரம் | கூடின செய்கூலி |
| 18 வெள்ளை | நல்லது | ஒட்டலாம், பூச்சுக்கு அலைச்சல் | நடுத்தரம் | மீண்டும் மீண்டும் ரோடியம் |
| பிளாட்டினம் | மிக நல்லது | முடியாது என்றே எடுங்கள் | கடினம் | அனுப்பி எடுக்கிற செலவு, காலம் |

## பிறகு கல்

### நிலத்தில் எடுத்த வைரம்

இரத்தினபுரியில் நீலம் இருக்கிறது, புஷ்பராகம் இருக்கிறது. வைரம் இலங்கை மண்ணில் வருவதில்லை. இங்கே விற்கிற வைரமெல்லாம் வெளியில் இருந்து வந்ததுதான். உலகத்து வைரங்களில் மிகப் பெரும்பகுதி சூரத்தில் தீட்டப்படுகிறது, எங்கள் கடைகளுக்கு வருவதும் பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்துதான்.

நிறை, வெட்டு, நிறம், சுத்தம் என்று நாலு அளவு சொல்வார்கள். நாலுக்கும் ஒரே அளவு காசைப் போடாதீர்கள். காசு முழுவதும் முதலில் வெட்டுக்குப் போக வேண்டும். வைரம் மினுங்குவது, மேலே விழுந்த வெளிச்சத்தை அடிப்பக்கத்துப் பட்டைகள் மறித்து மேலேயே திருப்பி அனுப்புவதால். பட்டையின் சாய்வு பிழைத்தால் வெளிச்சம் அடியால் ஒழுகிப் போய்விடும், ஒரு கரட் கல்லும் கண்ணாடித் துண்டு மாதிரி நடுவில் இருண்டு கிடக்கும். வட்டக் கல் என்றால் சான்றிதழில் வெட்டுக்கு மிக உயர்ந்த தரம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நிறத்துக்கு டி முதல் இசட் வரை எழுத்து. டி என்றால் துளி மஞ்சளும் இல்லை. மஞ்சள் தங்கத்தில் கட்டப்போகிற கல்லுக்கு டி வாங்குவது, மஞ்சள் சேலைக்குப் பக்கத்தில் வைக்க வெள்ளைத் துணியைத் தோய்த்துத் தோய்த்து வெளுப்பது மாதிரி. நகத்தின் மஞ்சள் எப்படியும் கல்லுக்குள் தெரியும். எச், ஐ, ஜே போதும். பிளாட்டினத்திலோ வெள்ளைத் தங்கத்திலோ என்றால் ஜி, எச்.

சுத்தத்தை எங்கள் ஆட்களும் பழங்காலத்திலேயே பார்த்திருக்கிறார்கள். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களுக்குத் தமிழில் பெயரே உண்டு. இன்றைக்கும் வைரத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் தோஷம் என்று பெரியவர்கள் தள்ளிவிடுவார்கள். பத்து மடங்கு பெருப்பிக்கிற கண்ணாடியில் தெரிகிறதா, வெறுங்கண்ணுக்கே தெரிகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. சான்றிதழில் சுத்தத்துக்குப் போடுகிற தரங்களில், வி.எஸ்.2 என்றால் பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதற்கு அடுத்த எஸ்.ஐ.1 தரத்தில் கல்லைக் கல்லாகப் பார்த்து எடுக்க வேண்டும். இன்னும் உயர்ந்த வி.வி.எஸ். என்று கேட்டு வாங்குவது வீட்டில் சாந்தி தருமென்றால் வாங்குங்கள், கண்ணுக்கு வித்தியாசம் வராது.

நிறைக்கு ஒரு தந்திரம். 0.50, 1.00 என்று முழு எண்ணைத் தொட்டதும் விலை துள்ளும். 0.46, 0.48 என்று கேளுங்கள். அரைக் கரட் வட்டக் கல்லின் அகலம் 5 மில்லிமீற்றர் சொச்சம், ஒரு மிளகு. 0.46-உம் மிளகுதான். ஒரு கரட் 6.5 மில்லிமீற்றர், நிறை இரட்டித்தாலும் அகலம் இரட்டிக்காது.

சான்றிதழ் இல்லாமல் வாங்க வேண்டாம். சான்றிதழ் தருகிற நிறுவனங்களில் ஜி.ஐ.ஏ. 1931-இல் அமெரிக்காவில் தொடங்கியது, ஐ.ஜி.ஐ. 1975-இல் அன்ட்வேர்ப்பில். பெரும்பாலான சான்றிதழ்க் கற்களின் விளிம்பில் இலக்கத்தை லேசரால் எழுதியிருப்பார்கள். கடைக்காரரின் பூதக்கண்ணாடியை வாங்கி அந்த இலக்கத்தை நீங்களே வாசியுங்கள். வாசித்துக் காட்ட மறுக்கிற கடையில் இருந்து எழும்பி வாருங்கள்.

மறைந்த செலவு? திரும்ப விற்கும்போது தெரியும். அடகுக்குப் போனால் கல்லைக் கழித்துவிட்டுத் தங்கத்தின் நிறைக்குத்தான் காசு. வைரத்தை வாங்கின விலைக்கு வாங்கிக்கொள்கிற கடை இல்லை. வாங்கின கடையே மாற்றுக்கு எடுப்பதென்றால் எத்தனை வீதம் கழிப்பார்கள் என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்.

### ஆய்வுகூட வைரம்

பிள்ளைகள் லாப் வைரம் என்கிறார்கள். இது போலி இல்லை. கரி அணுக்கள் அதே ஒழுங்கில் அடுக்கி வளர்ந்த வைரம். நிலத்துக்குக் கீழே நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் ஆழத்தில் கோடிக்கணக்கான வருடம் எடுத்தது, உலைக்குள் சில வாரத்தில் முடிகிறது. கடினம், மினுக்கம் எல்லாம் ஒன்றே. கண்ணால் பிரிக்க முடியாது, கடையில் வைத்திருக்கிற சாதாரணச் சோதனைப் பேனையும் இதை வைரம் என்றே சொல்லும்.

விலைதான் கதை. 2018-இல், நிலத்து வைரத்தைத் தோண்டி விற்கிற டி பியர்ஸ் நிறுவனமே லைட்பொக்ஸ் என்ற பெயரில் கரட் 800 டொலர் என்று இதை விற்க இறங்கியது. அதற்குப் பிறகு விலை விழுந்துகொண்டே போய், 2025-இல் அந்தக் கடையையே மூடுவதாக அறிவித்தார்கள். வாங்குகிறவருக்கு இதில் இரண்டு பாடம். இன்றைக்கு ஒரு கரட்டை நினைத்துப் பார்க்காத விலைக்கு எடுக்கலாம். எடுத்ததை நாளைக்கு விற்க நினைக்கக் கூடாது.

கல்லுக்கு மிச்சம் பிடித்த காசை நல்ல கட்டில் போடுகிறவர்களுக்கு இது நல்ல தெரிவு. இன்னொன்று, கல் தொலைந்தால் மனம் உடையாது. வாழைப் பாத்தியை அரிக்க வேண்டி வராது.

தள்ள வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. "வைரம் எண்டு சொல்லி லாப் கல்லைத் தந்திட்டினம்" என்று பத்து வருடத்துக்குப் பேசக்கூடிய சம்பந்தியர் வீடென்றால், முதலே சொல்லிவிட்டு வாங்குங்கள், அல்லது வாங்காதீர்கள். நிலத்து வைரத்தின் விலைக்கு லாப் வைரத்தைத் தலையில் கட்டுவதும் நடக்கும், ஆகச் சான்றிதழில் வளர்த்த வைரம் என்று எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள்.

### நீலம்

சொந்த நாட்டுக் கல்லை விட்டுவிட்டு ஏன் ஊர் சுற்றுகிறோம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். டயானாவுக்கு 1981-இல் போட்ட மோதிரத்தில் இருந்த 12 கரட் நீலம் இலங்கையுடையது என்பதை லண்டனில் இருந்து வருகிற மாப்பிள்ளைமார்தான் எனக்குச் சொல்கிறார்கள்.

கடினத்தில் வைரம் 10 என்றால் நீலம் 9. தினமும் போடத் தாங்கும். நிறத்துக்காகச் சூடாக்கிய கற்களே பெரும்பான்மை. அது குற்றமில்லை, ஆனால் சூடாக்காத கல்லின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. செயற்கை நீலமும் நூறு வருடத்துக்கு மேலாகச் சந்தையில் உண்டு. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதித்துச் சான்றிதழ் எடுக்கலாம். வாங்க முன்னர் எடுங்கள்.

பட்டறையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. வெங்காரமோ போரிக் அமிலமோ பட்ட நிலையில் சூடு காட்டினால் நீலத்தின் மேற்பரப்பு அரித்துவிடும். மோதிரத்தைப் பெருப்பிக்கக் கொடுத்தால், கல்லைக் கழற்றிவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

பிறகு சாத்திரி. நீலம் சனியின் கல். தலையணைக்குக் கீழே சில இரவு வைத்துக் கனவு பார்த்துவிட்டுத்தான் போடுவோம் என்கிற வீடுகள் இங்கே இன்றும் உண்டு. நம்புகிறீர்களோ இல்லையோ, மாமியார் நம்பினால் எழுத்துக்கு மறுநாள் விரல் வெட்டுப்பட்டாலும் பழி கல்லுக்குத்தான். குறிப்பைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குவது மலிவு. வைரத்தையும் சுக்கிரனுக்குரியது என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நீலத்துக்குப் பயப்படுகிற அளவுக்கு யாரும் பயப்படுவதில்லை.

### மொய்சனைட், சிர்கோன்

மொய்சனைட் வைரம் மாதிரி இருக்கிற வேறொரு செயற்கைக் கல். வைரத்தை விடக் கூட வானவில் அடிக்கும், கடினம் 9.25. பழைய மாதிரிச் சோதனைப் பேனை இதற்கும் சத்தம் போடும், ஆகப் பேனையை நம்பி வைரமென்று வாங்காதீர்கள். சாய்த்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் அடிப்பட்டைகளின் கோடு இரண்டிரண்டாகத் தெரியும். மொய்சனைட் என்றே தெரிந்து வாங்கினால் பிழையில்லை.

சிர்கோன் என்றும் அமெரிக்கன் டயமண்ட் என்றும் கடையில் சொல்கிற கல் சில வருடத்தில் மங்கும். ஆனால் ஒரு இடத்தில் கவனம் தேவை: அது வைரத்தை விடப் பாரம். 6.5 மில்லிமீற்றர் சிர்கோன் 0.3 கிராமைத் தாண்டும். கல்லோடு சேர்த்து நிறுத்துத் தங்க விலை போட்டால், மலிவுக் கல்லைப் பவுண் விலைக்கு வாங்குகிறீர்கள். ஒரு கரட் வைரத்திலும் அதே கதை: 0.2 கிராம், பவுணில் நாற்பதில் ஒரு பங்கு. கல் பதிக்க முன்னர் வெறும் மோதிரத்தை உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள். சேதாரத்தையும் அந்த நிறைக்குத்தான் போட வேண்டும்.

## கட்டு

நாலு நகத்தை விட ஆறு நகம் பாதுகாப்பு. ஆறு நகத்தை விட, கல்லைச் சுற்றி விளிம்பை மடித்துக் கட்டுவது பாதுகாப்பு. சேலைத் தலைப்பிலும் குழந்தையின் தலைமயிரிலும் சிக்காது.

பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். பழைய வைரத்தோடு மாதிரிப் பின்னால் முழுக்க மூடிக் கட்டினால் உள்ளே போன அழுக்கு வெளியே வராது. வைரத்துக்கு எண்ணெய் என்றால் ஒரு பிரியம், தேங்காயெண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடிப்பட்டையில் எண்ணெய் படிந்ததும், முன்னர் சொன்னேனே, வெளிச்சம் திரும்பாமல் ஒழுகிவிடும். "கல் செத்துப்போச்சு" என்று பட்டறைக்குக் கொண்டுவந்த மோதிரங்களில் பாதியை அம்மா இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவத்தை விட்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்தே உயிர்ப்பித்திருக்கிறா. புட்டு மா குழைத்த பிறகும் தலைக்கு எண்ணெய் வைத்த பிறகும் அப்படிக் கழுவினால் போதும். தண்ணீர் போகிற ஓட்டையை மூடிவிட்டுக் கழுவுங்கள்.

## ரொறன்ரோவில் வாங்குவதா, கஸ்தூரியார் வீதியில் செய்விப்பதா

வெளியில் வாங்கினால் கல்லில் தெரிவு அதிகம், சான்றிதழ் பேச்சில்லாமல் வரும், திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அளவு பிழைக்கும். கனடாவில் மோதிர அளவு இலக்கத்தில், லண்டனில் எழுத்தில். நூலைச் சுற்றிப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களின் மோதிரங்கள்தான் எழுத்து முடிந்த மறுநாள் பட்டறைக்கு வரும். சரியாக இருக்கிற ஒரு மோதிரத்தின் உள்விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து அனுப்புங்கள்.

அப்படி மறுநாள் வந்த மோதிரம் ஒன்றை எனக்கு மறக்க முடியாது. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஒருவர் வைர மோதிரம் ஒன்றைப் பெருப்பிக்கக் கொண்டுவந்து, பின்னேரமே வேணும் என்று திண்ணையில் குந்திக்கொண்டார். வைரமும் கரிதான், காற்றுப் படச் சூடாக்கினால் மேல் எரியும். அதற்காகப் போரிக் அமிலத்தில் தோய்த்துப் பூசிவிட்டுத்தான் நெருப்புக் காட்டுவார்கள். அப்பா அந்த அவசரத்தில் அதை விட்டுவிட்டார். ஆறவிட்டுப் பார்த்தால் கல்லின் மேல் பால் தெளித்த மாதிரி வெண்படலம். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. கொழும்புக்கு அனுப்பித் திரும்பத் தீட்டி எடுத்த கூலியை அவரே கொடுத்தார். அதற்குப் பிறகு வைர மோதிரம் என்றால், முதலில் உரிமையாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலையில் கை வைப்பார்.

ஊரில் செய்வித்தால் அளவு சரியாக வரும், திருத்துகிறவர் தெரிந்தவர், செய்த கைக்கே திரும்பக் கொடுக்கலாம். கல்லில் தெரிவு குறைவு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: கல்லைச் சான்றிதழோடு தனியாக வெளியில் வாங்கி, மோதிரத்தை இங்கே கட்டுவிப்பது. சுங்கத்தில் என்ன காட்ட வேண்டும் என்பதைப் பயணத்துக்கு முன்னரே விசாரித்து வைக்க வேண்டும். பதிக்கும்போது கல்லுக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பதையும் பத்தரோடு முகத்துக்கு முகம் பேசிவிட வேண்டும். இரண்டு பேருக்கும் சங்கடமான பேச்சு, ஆனால் பேச வேண்டிய பேச்சு.

## யாருக்கு எது

இங்கேயே இருந்து, வீட்டு வேலையும் பார்த்து, கழற்றாமல் போடப் போகிறவர்: 18 மஞ்சள், விளிம்பு மடித்த கட்டு, அரைக் கரட்டுக்குச் சற்றுக் குறைந்த வைரம். கல் லாப்பா நிலத்ததா என்பது உங்கள் காசும் சம்பந்தியரின் வாயும்.

கெதியில் வெளிநாடு போகிறவர்: பிளாட்டினம் தாராளமாக எடுக்கலாம். வெள்ளைத் தங்கம் இரண்டாம் பட்சம்.

மோதிரம் விழாவுக்கு மட்டும், மற்ற நாளில் பெட்டிக்குள் என்கிறவர்: அம்மா சொல்கிற 22-ஐயே செய்யுங்கள், மூடிக் கட்டி. பவுண் பவுணாக இருக்கும்.

காசு இறுக்கம் என்கிறவர்: கல்லே இல்லாத 22 கரட் சோடி மோதிரம். இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடுகிறது. கொஞ்சக் காலத்துக்கு முந்தி இங்கே எழுத்து மோதிரம் என்றாலே அதுதான், உள்பக்கம் பெயரை வெட்டிப் போட்டுக்கொண்டார்கள்.

கோண்டாவில் பிள்ளையின் கதை மூன்றாவது வழியில் முடிந்தது. மாப்பிள்ளை 0.47 கரட், ஐ நிறக் கல்லைச் சான்றிதழோடு வாங்கிவிட்டார். 18 மஞ்சளில் கட்டுவதற்கு அம்மாவும் ஓமென்றுவிட்டா, ஒரு கிராம் கணக்கைக் கேட்ட பிறகு. போன கிழமை விரல் அளக்க நானும் கூடப் போனேன். பின்னேரம் நாலு மணி, நல்ல வெயில், நடந்து வந்த பிள்ளையின் விரல் சற்று வீங்கித்தான் இருந்தது. பத்தர் அளவு வளையக் கொத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று இறுக்கம், அடுத்தது இலேசாய்ச் சுழன்றது.

"பெரிசையே எழுதுங்கோ, காலமைக்கும் பின்னேரத்துக்கும் விரல் மாறும்," என்றேன் நான்.

"அவள் கனடாவுக்கெல்லே போகப் போறாள், குளிருக்கு விரல் சுருங்கிப் போமாம், சின்னனை எழுதுங்கோ," என்றா அம்மா.

பத்தர் இருவரையும் பார்த்தார். பிறகு கலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் இரண்டு அளவையும் எழுதி, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.